படம் பார்க்க முப்பதாயிரம் எதற்கு?

கிரைண்டர் வாங்கப் போனால் கல்லைத் தடவிப் பார்க்கிறோம். மோட்டாருக்கு எத்தனை வருஷம் காரண்டி என்று துருவித் துருவிக் கேட்கிறோம். கம்ப்யூட்டர் சாமான் என்றால் மட்டும், "நமக்கென்ன தெரியும்?" என்று சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் இப்படி இருந்தால் ஆயிரக்கணக்கில் பணம் வீண்!

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் 2014-ல் வாங்கியது. ஹாலில் டி.வி.யோடு இணைத்திருக்கிறோம். நாத்தனார் பெண் கல்யாண வீடியோவை பென் டிரைவில் 4கே-யாகக் கொடுத்தார்கள். உடம்பு முடியாமல் கல்யாணத்துக்கு வராத என் மாமியார் ஆசையோடு உட்கார்ந்தார். மாலை மாற்றும்போதே படம் திக்கித் திக்கி நின்றது. நாதஸ்வரம் மட்டும் முன்னால் போய்விட்டது! கடையில் கேட்டால், "முப்பதாயிரம் ரூபாய் கார்டு போட்டாத்தாம்மா சரியா ஓடும்" என்றார்கள். பிள்ளைக்கு பீஸ் கட்ட வேண்டிய மாதம் அது. கம்ப்யூட்டர் படித்த என் அண்ணன் மகனிடம் விசாரித்தேன்.

ஃபுல் ஹெச்.டி. படத்தில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். 4கே-யில் சுமார் 83 லட்சம். சினிமாவில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அத்தனையையும் அப்படியே வைக்க இடம் போதாது என்பதால் சுருக்கி வைக்கிறார்கள். சுருக்கும் முறைகள் பல: 2003-ல் வந்த ஹெச்.264, 2013-ல் வந்த ஹெச்.இ.வி.சி., 2018-ல் வந்த ஏவி-1. சுருக்கியதை விரிக்க கார்டில் தனியாக ஒரு பகுதி உண்டு. அது இல்லாவிட்டால் பிராசஸரே முழு வேலையும் செய்து திணறும். கிரைண்டர் இருக்க ஆட்டுக்கல்லில் அரைக்கிற கதைதான்!

ஆனால் மாவரைக்கிற கல்லே தேங்காய் துருவாது. அதற்குத் தனி இணைப்பு வேண்டும். அதுபோல ஒவ்வொரு முறைக்கும் கார்டில் வசதி இருக்க வேண்டும். விலை அதிகமான கார்டுகளின் பலமெல்லாம் பெரும்பாலும் விளையாட்டுக்குத்தான். புதிது என்பதாலும் ஏமாறக் கூடாது. 2022-ல் வந்த ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 6400 ஏவி-1ஐ விரிக்காது. அதே வருஷம் வந்த இன்டெல் ஆர்க் ஏ380 விரிக்கும்.

எங்கள் வீடியோ ஹெச்.இ.வி.சி. அதை விரிக்கக்கூடிய ஜி.டி. 1030 கார்டு, ஃபேன் இல்லாத வகையாகப் பார்த்து வாங்கினோம். முப்பதாயிரத்தில் நாலில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஏவி-1 அதில் கிடையாது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

வாங்கும் முன் கவனியுங்கள்

1. கார்டே வேண்டாமா என்று முதலில் பாருங்கள். படத்தை ஓடவிட்டு கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் ஜி.பி.யு. 'வீடியோ டிகோட்' கோடு ஏறி, சி.பி.யு. அமைதியாக இருந்தால் செலவே வேண்டாம்.

2. இன்டெல் 7-வது தலைமுறை பிராசஸர்களின் உள் கிராபிக்ஸே 4கே ஹெச்.இ.வி.சி.யைச் சமாளிக்கும், 11-வதில் ஏவி-1ம் உண்டு. எண்ணின் முடிவில் 'எஃப்' எழுத்து இருந்தால் உள் கிராபிக்ஸ் கிடையாது.

3. ஹெச்.டி.எம்.ஐ. 2.0 இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய 1.4-ல் 4கே நொடிக்கு 30 படம்தான். சினிமாவுக்குப் போதும், ஆனால் 60 படமாக எடுத்த வீடியோ சரியாக வராது.

4. போர்டிலுள்ள ஸ்லாட் 75 வாட் வரை கொடுக்கும். ஜி.டி. 1030-க்கு 30 வாட் போதும். தனி வயர், புது பவர் சப்ளை வேண்டாம்.

5. பெட்டி ஒல்லியானதா? 'லோ புரொஃபைல்' கார்டுதான் நுழையும். அளவெடுத்துக்கொண்டு போங்கள்.

6. ஃபேன் இல்லாத கார்டானால் சத்தமில்லை. ஆனால் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். காற்றுத் துவாரங்களில் தூசி சேரவிடாதீர்கள்.

வீட்டில் எந்த வகை வீடியோ பார்க்கிறீர்கள் என்பதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு, "இதை இந்தக் கார்டு விரிக்குமா?" என்று கடையில் கேளுங்கள். முடிந்தால் உங்கள் பென் டிரைவையே கொண்டுபோய் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.