சாய்ந்து நிற்கும் சக்கரங்கள்

சக்கர நாற்காலி டென்னிஸ் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். வண்டியின் பெரிய சக்கரங்கள் மேலே நெருங்கி, கீழே அகன்று, ஏதோ வளைந்துபோன மாதிரி நிற்கின்றனவே, ஏன்? மருத்துவமனை நாற்காலியில் அவை நேராகத்தானே இருக்கின்றன?

பழுதில்லை, வேண்டுமென்றே செய்ததுதான். விளையாட்டு நாற்காலிகளில் இந்தச் சாய்வு 15 முதல் 20 பாகை வரை இருக்கும். வேகமாக வந்து சட்டென்று திரும்பும்போது உடல் வெளிப்பக்கம் தூக்கியெறியப்படப் பார்க்கும். சக்கரங்கள் தரையைத் தொடும் இடங்கள் அகலமாக விலகியிருந்தால் நாற்காலி லேசில் கவிழாது. திருப்புவதும் எளிது: ஒரு சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி மற்றதைத் தள்ளினால், அகலம் கூடக் கூட அந்தத் தள்ளலின் திருப்புவிசை கூடுகிறது. டென்னிஸில் பந்து இரண்டு முறை தரையில் படலாம் என்ற சலுகை உண்டு. ஆனாலும் பக்கவாட்டில் நகர முடியாத வண்டிக்குத் திரும்பும் வேகம்தான் உயிர்.

கைக்கும் லாபம். தள்ளும் வளையத்தின் மேல்விளிம்பு உடலையொட்டி வருவதால் தோளை விரிக்க வேண்டியதில்லை. கூடைப்பந்தில் இரண்டு நாற்காலிகள் மோதினால் முதலில் இடிப்பவை சக்கரங்களின் அடிப்பகுதிகள்; மேலே இருக்கும் விரல்கள் தப்பிக்கும்.

அப்படியென்றால் எல்லா நாற்காலியும் சாய்ந்தே இருக்கலாமே? நம் வீட்டுக் குளியலறைக் கதவைப் பாருங்கள். நேரான சக்கரமே நுழையத் திணறும். டயரின் உள்விளிம்பும் சீக்கிரம் தேயும். அதனால் அன்றாட நாற்காலிகளுக்குச் சில பாகைச் சாய்வே போதும். பலவற்றில் அதுவும் கிடையாது.