சீனியைத் தனியே வைப்போம்: வெயிலுக்கு ஒரு ஜாடி கலமன்சிப் பழ லெமனேட்

சிங்கப்பூரில் கோடைக்காலம் என்று தனியாக ஒன்றும் இல்லை. ஆண்டு முழுவதும் வெயில்தான். இருந்தாலும் ஏப்ரல், மே மாதங்களில் புழுக்கம் கூடிவிடுவதை எல்லாரும் உணர்கிறோம். 2023ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் வெப்பநிலை 37 டிகிரி செல்சியசைத் தொட்டது. அதற்கு முன்பு இங்கு அவ்வளவு வெப்பம் பதிவானது 1983ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், தெங்காவில்.

இப்படிப்பட்ட நாளில் வகுப்பு முடிந்து வெளியே வரும் எங்களைப் போன்ற இளையர்களின் கால்கள் தாமாகவே பானக் கடைப் பக்கம் திரும்பும். குளிர்ச்சியாகவும் புளிப்பாகவும் கொஞ்சம் இனிப்பாகவும் ஏதாவது வேண்டும். லெமனேட் அதற்கு மிகப் பொருத்தம். ஆனால், அதில் எவ்வளவு சீனி கலந்திருக்கிறது என்பதை நாக்கு சரியாகச் சொல்லாது.

காரணம் எளிது. புளிப்பு இனிப்பை மறைக்கும். குளிர்ச்சியும் இனிப்பை மங்கச் செய்யும். இரண்டும் சேர்ந்திருக்கும் பானத்தில் சீனி அள்ளிக் கொட்டியிருந்தாலும் நமக்கு அது அளவாக இருப்பதுபோலவே தோன்றும். சந்தேகம் இருந்தால், பனிக்கட்டி முழுதும் கரைந்து சூடாறிப்போன பானத்தை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். திகட்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

லெமனேட் செய்யப் பரவலாகச் சொல்லப்படும் முறை இதுதான்: ஒரு கிண்ணம் எலுமிச்சைச் சாறு, ஒரு கிண்ணம் சீனி, நான்கைந்து கிண்ணம் தண்ணீர். ஒரு கிண்ணம் சீனி ஏறத்தாழ 200 கிராம். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் வரும். அதாவது, 100 மில்லிலிட்டருக்கு 13 கிராம் சீனி. 250 மில்லிலிட்டர் குவளை ஒன்றில் 30 கிராமுக்கும் அதிகம்.

இந்த எண்ணை நம் நாட்டின் நியூட்ரி-கிரேடு அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். பொட்டலமிட்ட பானங்களுக்கு 2022ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதியிலிருந்தும், கடைகளில் உடனுக்குடன் தயாரிக்கப்படும் பானங்களுக்கு அதற்கு அடுத்த ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதியிலிருந்தும் அது நடப்பில் உள்ளது. 100 மில்லிலிட்டரில் சீனி 5 கிராமைத் தாண்டினால் ‘சி’, 10 கிராமைத் தாண்டினால் ‘டி’. அப்படிப் பார்த்தால் நாம் வீட்டில் ஆசையாகச் செய்யும் லெமனேட் ‘டி’ பிரிவில் போய் உட்காரும்!

இலவசச் சீனி எனப்படும் வகையை, அதாவது நாம் சேர்க்கும் சீனி, தேன், பழச்சாற்றில் உள்ள சீனி ஆகிய அனைத்தையும் சேர்த்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் கூடுதல் நன்மை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு குவளையிலேயே அந்த அளவு முடிந்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் இந்தக் கணக்கு வெறும் எண் அல்ல. என் தாத்தாவுக்கு நீரிழிவு. வீட்டுக்கு யாராவது வந்தால் எல்லாருக்கும் குவளையில் பானம் போகும். அவர் மட்டும், “எனக்குப் பச்சத்தண்ணி போதும்மா” என்று சொல்லிவிடுவார். கேட்கும்போது சங்கடமாக இருக்கும். வீட்டில் உள்ள அனைவருக்கும் ஒரே ஜாடியிலிருந்து ஊற்ற முடியாதா என்று யோசித்ததில் கிடைத்த வழிதான் இது: சீனியை ஜாடியில் கலக்காமல் தனியாக வைப்பது.

என்னென்ன வேண்டும்?

நான்கு குவளைக்கு:
கலமன்சி – 12
விதை நீக்கிய தர்பூசணித் துண்டுகள் – 300 கிராம்
குளிர்ந்த தண்ணீர் – 600 மில்லிலிட்டர்
சீனி – 4 தேக்கரண்டி (தலை தட்டி, ஏறத்தாழ 20 கிராம்)
புதினா – ஒரு கைப்பிடி
உப்பு – ஒரு சிட்டிகை

கலமன்சி என்றால் புரியாதவர்கள், மீ கோரெங் தட்டின் ஓரத்தில் பாதியாக வெட்டி வைத்திருப்பார்களே, அந்தச் சின்ன எலுமிச்சையை நினைத்துக்கொள்ளுங்கள். மலாயில் லீமாவ் கஸ்தூரி. வெளியே பச்சை, உள்ளே ஆரஞ்சு நிறம். தேக்கா உட்பட எந்த ஈரச்சந்தையிலும் கிடைக்கும். மேசைமீது வைத்து உள்ளங்கையால் உருட்டிய பிறகு பிழிந்தால் ஒரு பழத்தில் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிச் சாறு வரும்.

செய்முறை

முதலில் சீனிப்பாகு. பழங்களை நன்றாகக் கழுவி, இரண்டு கலமன்சியின் பச்சைத் தோலை மட்டும் மெல்லியதாகச் சீவுங்கள். தோலுக்கு அடியில் உள்ள வெள்ளைப் பகுதி கசக்கும், அது வேண்டாம். ஒரு சிறு கிண்ணத்தில் சீனி, சீவிய தோல், பாதிப் புதினா போட்டு நான்கு மேசைக்கரண்டி வெந்நீர் ஊற்றிக் கலக்குங்கள். குளிர்ந்த நீரில் சீனி மெதுவாகத்தான் கரையும். அடியில் தங்கிவிட்டால் நாம் மேலும் மேலும் போட்டுக்கொண்டே இருப்போம். பத்து நிமிடம் மூடி வைத்து வடிகட்டி, ஆறவிடுங்கள். தோலில் உள்ள எண்ணெயின் மணம் பாகில் இறங்கியிருக்கும்.

அடுத்து, கலமன்சிகளைக் குறுக்கே வெட்டி, வடிகட்டியின் மேல் பிடித்துப் பிழியுங்கள். விதை நிறைய இருக்கும். கரண்டியால் அழுத்தி நசுக்கினால் சாறு கசந்துவிடும். சாற்றைச் சூடாக்கவும் வேண்டாம். வைட்டமின் சி வெப்பத்தில் குறையும்.

தர்பூசணியை அரைத்து, சக்கையோடு ஜாடியில் ஊற்றுங்கள். கலமன்சிச் சாறு, தண்ணீர், உப்பு, மீதிப் புதினா சேர்த்துக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். ஒரு சிட்டிகை உப்பு எதற்கு என்று கேட்கலாம். அது கசப்பை அடக்கி, இருக்கும் இனிப்பை எடுத்துக் காட்டும். தர்பூசணியில் உப்புத் தூவிச் சாப்பிடும் பாட்டிமார்களுக்கு இது முன்பே தெரியும்.

பரிமாறும்போது, விரும்புகிறவர்களின் குவளையில் மட்டும் பாகில் நான்கில் ஒரு பங்கை ஊற்றுங்கள். அது ஒரு தேக்கரண்டிச் சீனிக்குச் சமம்.

இப்போது கணக்கைத் திரும்பப் பார்ப்போம். தர்பூசணியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 6 கிராம் இயற்கைச் சீனி. 300 கிராமுக்கு 18 கிராம். பாகில் 20 கிராம். கலமன்சிச் சாற்றில் ஓரிரு கிராம். மொத்தம் ஏறத்தாழ 40 கிராம், ஒரு லிட்டருக்கு. 100 மில்லிலிட்டருக்கு 4 கிராம்; ‘பி’ அளவுக்குள் வந்துவிட்டது. பாகு ஊற்றாத குவளையில் 5 கிராம் மட்டுமே. பலதுறை மருந்தகத்தில் உணவியல் வல்லுநரிடம் கேட்ட பிறகு தாத்தா பாகு இல்லாமல் அரைக் குவளை, உணவோடு சேர்த்துக் குடிக்கிறார். நீரிழிவு உள்ளவர்கள் தங்களுக்கு எவ்வளவு சரி என்பதை அவரவர் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

தம்பிதான் முதலில் முகம் சுளித்தான். “இதுல இனிப்பே இல்லக்கா!” என்றான். அவனுக்கு மட்டும் மூன்று தேக்கரண்டியில் தொடங்கி, வாரத்துக்கு அரைத் தேக்கரண்டியாகக் குறைத்தோம். ஒரு மாதத்தில் ஒரு தேக்கரண்டிக்கு வந்துவிட்டான். இப்போது கடைப் பானம் குடித்தால், “ரொம்பத் தித்திக்குது” என்கிறான்.

மாற்றிச் செய்து பார்க்க

தர்பூசணிக்குப் பதிலாக அன்னாசி சேர்த்தால் மணம் தூக்கலாக இருக்கும். ஆனால் அன்னாசியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 10 கிராம் சீனி இருப்பதால் 200 கிராம் போதும். வெல்லம், தேன், குலா மலாக்கா ஆகியவற்றுக்குத் தனி மணம் உண்டு. ஆனால் அவையும் சீனிதான். அதே அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பங்குனி உத்திரத்தின்போது கோயில்களில் தரும் பானகத்தை நினைத்துப் பாருங்கள். எலுமிச்சையும் வெல்லமும் மட்டும் இருந்தால் அது வேறு பானம். சுக்கும் ஏலக்காயும்தான் அதை நிறைவாக்குகின்றன. ஒரு ஏலக்காயைத் தட்டிப் பாகில் போட்டால் பாதிச் சீனியிலேயே மனம் நிறையும்.

அறிவியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேடிக்கை. நசி கெராபுவுக்கு நீல நிறம் தருவது சங்குப்பூ. பத்துப் பூக்களை வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு வடித்து ஆறவைத்தால் கருநீலச் சாறு கிடைக்கும். பழம் சேர்க்காமல் அதில் கலமன்சிச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நீலம் ஊதாவாக மாறும். பூவிலுள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி அமிலத்தைச் சந்தித்ததும் நிறம் மாறுகிறது. ஆய்வுக்கூடத்தில் லிட்மஸ் தாள் செய்யும் வேலையை இங்கே ஒரு பூ செய்கிறது.

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். இந்த வெயிலில் பழம் கலந்த பானத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். செய்த அன்றே குடித்து முடியுங்கள். எலுமிச்சை பிழிந்த கையோடு வெயிலில் நிற்காதீர்கள்; தோலில் சாறு பட்ட இடம் வெயிலில் புண்ணாகிக் கறுத்துப்போகலாம், அதனால் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். விளையாடிவிட்டு வந்தால் முதலில் வெறும் தண்ணீர். லெமனேட் அதற்கு அப்புறம்.

ஜூன் விடுமுறையில் நண்பர்கள் வீட்டுக்கு வரும்போது இந்த ஜாடியை மேசையில் வையுங்கள். பாகுக் கிண்ணத்தையும் ஒரு தேக்கரண்டியையும் பக்கத்திலேயே வையுங்கள். யாருக்கு எவ்வளவு வேண்டும் என்பதை அவரவரே அளந்து ஊற்றிக்கொள்ளட்டும்.