புகையில் வாட்டிய பன்றி விலா

புகையில் வாட்டிய பன்றி விலா என்பது பன்றியின் விலா எலும்புகளை அவற்றில் ஒட்டியுள்ள இறைச்சியுடன், விறகுப் புகையிலும் மிதமான வெப்பத்திலும் பல மணிநேரம் வைத்துச் சமைக்கும் உணவாகும். இது ஐக்கிய அமெரிக்காவின் பார்பிக்யூ மரபைச் சேர்ந்தது. பார்பிக்யூ என்னும் சொல், கரீபியத் தீவுகளின் பழங்குடியினர் வழங்கிய சொல்லிலிருந்து எசுப்பானியம் வழியாக வந்தது எனக் கருதப்படுகிறது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் இக்கலை வளர்ந்ததில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்க வழியினரின் பங்கு பெரிது.

வெட்டு வகைகள்

முதுகெலும்பை ஒட்டிய மேற்பகுதி விலா சிறியது, வளைந்தது, விரைவில் வேகும். வயிற்றுப் பக்க விலா பெரியது, கொழுப்பு மிக்கது. வயிற்றுப் பக்க விலாவின் குருத்தெலும்பு நுனிகளை நீக்கிச் செவ்வக வடிவில் வெட்டுவது செயிண்ட் லூயிஸ் வெட்டு எனப்படும்.

சமைக்கும் முறை

விலாவின் உட்புறத்தில் உள்ள மெல்லிய சவ்வு முதலில் உரிக்கப்படுகிறது. பின்னர் உப்பு, சர்க்கரை, மிளகு, மிளகாய்த்தூள் போன்றவற்றின் கலவை தடவப்படுகிறது. நெருப்பு ஒருபுறமும் இறைச்சி மறுபுறமுமாக, மூடிய அடுப்பில் ஏறத்தாழ 107 முதல் 121 பாகை செல்சியசு வரையான வெப்பநிலையில், வெட்டின் அளவைப் பொறுத்து 4 முதல் 6 மணிநேரம் வரை சமைப்பர். ஹிக்கரி, ஓக், ஆப்பிள், செர்ரி மரங்கள் விறகாகின்றன. பிசின் மிகுந்த பைன் மரம் தவிர்க்கப்படுகிறது. காற்று போதாமல் எழும் அடர்ந்த வெண்புகை கசப்பைத் தரும். மெல்லிய நீலப்புகையே விரும்பப்படுகிறது.

அறிவியல் அடிப்படை

பன்றி இறைச்சித் துண்டுகளை 63 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி 3 நிமிடம் வைத்திருந்தால் போதும் என ஐக்கிய அமெரிக்க வேளாண்மைத் துறை 2011 இல் அறிவித்தது. ஆனால் அந்நிலையில் விலா உண்ணத் தக்கதாயினும் கடினமாகவே இருக்கும். இணைப்புத் திசுவில் உள்ள கொலாஜன் என்னும் புரதம் மெதுவாகக் கரைந்து ஜெலட்டினாக மாறுவதாலேயே இறைச்சி மென்மையாகிறது. இதனால் உள்வெப்பம் 90 பாகையைத் தாண்டும்வரை சமைப்பது வழக்கம்.

வெந்த இறைச்சியின் விளிம்பில் இளஞ்சிவப்பு வளையம் ஒன்று தோன்றும். இது வேகாததன் அடையாளம் அன்று. விறகு எரியும்போது உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் தசையின் மயோகுளோபின் நிறமியுடன் இணைவதால் இவ்வளையம் உருவாகிறது.

வட்டார வேறுபாடுகள்

டென்னசி மாநிலத்தின் மெம்பிசு நகரில் குழம்பின்றி, உலர் மசாலாவுடன் பரிமாறும் வகை புகழ்பெற்றது. மிசௌரி மாநிலத்தின் கேன்சசு நகரில் தக்காளியும் வெல்லப்பாகும் சேர்ந்த கெட்டியான இனிப்புக் குழம்பு பூசப்படுகிறது. அந்நகரின் பார்பிக்யூ மரபுக்குத் தந்தை எனப்படும் என்றி பெரி (1875 - 1940) மெம்பிசு பகுதியிலிருந்து குடிபெயர்ந்த ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆவார்.

பாதுகாப்பு

கொழுப்பு நேரடியாகத் தணலில் சொட்டினால் புற்றுநோயைத் தூண்டக்கூடிய பல்வளைய அரோமாட்டிக் ஐதரோகார்பன்கள் உண்டாகின்றன. நெருப்பைத் தள்ளி வைப்பது இதனைக் குறைக்கும். கரி எரியும்போது வெளியாகும் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கக்கூடியது என்பதால் வீட்டினுள் இவ்வாறு சமைத்தல் கூடாது. பழங்காலத்தில் உப்பும் புகையும் சேர்ந்து இறைச்சியைக் கெடாமல் காத்தன. இம்முறையிலோ புகை சுவைக்காக மட்டுமே; எஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல் வேண்டும்.