பெயரில் வாழும் ஊர்

ஓர் ஊர் அமைந்துள்ள மாவட்டமே இல்லாமற்போனால் அவ்வூரார் என்ன செய்வார்கள்?

இங்கிலாந்தின் வடமேற்கில், ஈடன் ஆற்றங்கரையில் அப்பிள்பி என்னும் சிறு நகரம் உண்டு. அதன் பெயரிலுள்ள ‘பி’ என்பது, ஸ்கண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறியோரின் மொழியில் ஊரைக் குறிக்கும். நமது மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பிரிவை அங்கு ‘கவுண்டி’ என்பர். அப்பிள்பி நெடுங்காலமாக வெஸ்ட்மோர்லண்ட் கவுண்டியின் தலைநகராக விளங்கியது. ஊர் சிறிதாயினும் அதுவே அதன் பெருமை.

1974 ஆம் ஆண்டு உள்ளூராட்சி மாற்றத்தில் வெஸ்ட்மோர்லண்ட், கம்பர்லண்ட் ஆகியவற்றுடன் அயற்பகுதிகள் சிலவும் இணைக்கப்பட்டு, கம்பிரியா என்ற புதிய கவுண்டி உருவானது. வெஸ்ட்மோர்லண்ட் என்ற பெயர் நிர்வாகத்திலிருந்து மறைந்தது. தலைநகர் என்ற தகுதியும் அப்பிள்பியை விட்டுப் போனது.

அப்போது அவ்வூர் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. ‘அப்பிள்பி-இன்-வெஸ்ட்மோர்லண்ட்’, அதாவது ‘வெஸ்ட்மோர்லண்டிலுள்ள அப்பிள்பி’ என்பதே அதன் புதிய பெயர். முழுப் பெயரை எழுதும் எவரும் மறைந்த கவுண்டியையும் சேர்த்தே எழுத வேண்டியதாயிற்று.

49 ஆண்டுகளின் பின், 2023 ஏப்ரலில் கம்பிரியா கவுண்டி சபை நீக்கப்பட்டு, இரு புதிய சபைகள் அமைந்தன. அப்பிள்பி அடங்கும் சபையின் பெயர் ‘வெஸ்ட்மோர்லண்ட் அன்ட் பர்னெஸ்’. பழைய பெயர் மீண்டும் நிர்வாகத்தில் இடம்பெற்றது.

எல்லைகளைச் சட்டம் மாற்றலாம். ஆனால், ஒரு பெயர் நிலைப்பது அதை விடாமல் சொல்லி வருவோரால்தான் என்பதற்கு அப்பிள்பி நல்லதோர் எடுத்துக்காட்டு.