கிளினிக்கில் பெயர் பதியுமுன்

பிரிஞ்சாங் பக்கத்துத் தோட்ட வீடுகளில், கர்ப்பிணியின் ஸ்கேனில் பிள்ளைக்கு ஒரு சிறுநீரகம்தான் தெரிகிறது என்று மிஸி சொல்லிவிட்டால், அன்று மாலையே விசாரணை தொடங்கிவிடும். கிரகணத்தன்று வெளியே போனாயா? பப்பாளி தின்றாயா? கனமான கூடையைத் தூக்கினாயா? எல்லாக் கேள்விகளும் அவளையே சுற்றும். ஒன்றுகூட உண்மையான காரணத்தின் அருகில் போகாது.

காரணத்தைத் தேட வேண்டிய இடம், கரு உருவான ஐந்தாம் வாரம். பல பெண்கள் கிளினிக்கில் பெயர் பதிவதற்கு முந்தைய காலம் அது. கருவின் பின்பக்கம் ஓடும் ஒரு குழாயிலிருந்து சிறு மொட்டு ஒன்று முளைக்கிறது. அருகில் உருவமில்லாத செல்களின் குவியல் ஒன்று இருக்கிறது. மொட்டிலிருந்து சிறுநீர் வடியும் குழாய்கள் வரும். குவியலிலிருந்து இரத்தத்தை வடிகட்டும் நெப்ரான்கள் வரும். 1950-களில் கிளிஃபோர்ட் குரோப்ஸ்டைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் சுண்டெலிக் கருவிலிருந்து இவ்விரண்டையும் பிரித்தெடுத்து வளர்த்துப் பார்த்தார். தனித்தனியே விட்டபோது இரண்டும் சிறுநீரகமாகவில்லை. சேர்த்து வைத்ததும் மொட்டு கிளைத்தது. குவியல் நுண்குழாய்களாகச் சுருண்டது. ஒன்று சொல்ல மற்றொன்று கேட்டால்தான் சிறுநீரகம். குவியல் அனுப்பும் செய்தி ஜிடிஎன்எஃப் என்னும் புரதம். மொட்டில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பியின் பெயர் ரெட். ஜிடிஎன்எஃப் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள் சிறுநீரகமே இல்லாமல் பிறந்ததை 1996-இல் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

அதற்குப் பிறகு நடப்பது தோட்டக்காரர்களுக்குப் பழகிய காட்சி. நுனிக்கொழுந்தைக் கிள்ளினால் தேயிலைச் செடி அதன் கீழிருந்து பக்கக் கிளைகள் விடும்; அவற்றின் நுனியையும் கிள்ளினால் மறுபடி கிளைக்கும். சுங்கை பாலாஸ் சரிவுகளில் இடுப்பளவுக்குப் பாய் விரித்தாற்போல் தெரியும் பசுமை அப்படி வந்ததுதான். கருவின் மொட்டும் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டாகி, ஏறத்தாழ 15 தடவை கிளைக்கிறது. நுனிகளை ஒட்டி நெப்ரான்கள் பிறக்கின்றன. ஆனால் தேயிலைக்கு அடுத்த கவாத்து உண்டு, சிறுநீரகத்துக்குக் கிடையாது. கர்ப்பத்தின் 36-ஆம் வார வாக்கில் கணக்கு முடிந்துவிடும். ஒருவருக்கு ஒரு சிறுநீரகத்தில் 2 லட்சம் நெப்ரான்கள் இருக்கலாம், இன்னொருவருக்கு 20 லட்சம் இருக்கலாம். கணக்கு முடிந்த பிறகு புதிதாக ஒன்றுகூட முளைக்காது.

இத்தனை படிகளில் எங்கே பிசகினாலும் அதற்கேற்ற குறை. மொட்டு முளைக்காவிட்டால் அந்தப் பக்கம் சிறுநீரகமே இல்லை; ஆயிரம் பேரில் ஒருவர் அளவில் இப்படி ஒற்றைச் சிறுநீரகத்தோடு பிறக்கிறார்கள். மொட்டு இடம் மாறி முளைத்தால் குழாய் சிறுநீர்ப்பையில் தவறான இடத்தில் சேர்ந்து, சிறுநீர் மேல்நோக்கித் திரும்பும். ஆண் பிள்ளைகளில் சிலருக்குச் சிறுநீர் வெளியேறும் வழியில் ஒரு சவ்வு மறித்து நிற்கும். எல்லா வகையும் சேர்த்து 1,000 பிறப்புகளில் மூன்று முதல் ஆறு வரை.

ஏன் பிசகுகிறது? குறையோடு பிறப்பவர்களில் பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரையிலானோருக்கு ஒரே ஒரு மரபணுவைக் காரணமாகச் சுட்டிக்காட்ட முடிகிறது. அத்தகைய மரபணுக்களில் ஹெச்என்எஃப்1பி விசித்திரமானது. அதில் நேரும் ஒரே பிறழ்வு ஒரே குடும்பத்தில் ஒருவருக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகளைத் தரும், மற்றவருக்கு இளவயதிலேயே இனிப்பு நீரைக் கொண்டுவரும், மூன்றாமவருக்கு எந்த அடையாளமும் காட்டாது. பாதிக் குழந்தைகளிடம் அது பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் புதிதாகத் தோன்றியிருக்கும். வேறு சில குறைகளுக்கு, பழுதுபட்ட மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வர வேண்டும். தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டும் குடும்பங்களில் அதற்கான வாய்ப்பு கூடுகிறது. காய்கறித் தோட்டங்களின் பூச்சிமருந்தைப் பற்றி இங்குள்ளவர்கள் அஞ்சுவது நியாயம்தான். சிறுநீரகக் குறைகளுக்கு அதுவே காரணம் என்று மனிதரிடம் இதுவரை நிறுவப்படவில்லை.

நம் மக்கள் உண்மையில் அஞ்ச வேண்டிய காரணம் அடுப்படிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், இந்தியர்களில் 31.4 விழுக்காடு. கருத்தரிப்பதற்கு முன்பே தாய்க்கு இனிப்பு நீர் இருந்து அது கட்டுக்குள் இல்லையென்றால், குழந்தைக்குச் சிறுநீரகக் குறை வரும் வாய்ப்பு தெளிவாகக் கூடுகிறது. ஆறாம் மாதம் எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனை வேறு பல ஆபத்துகளிலிருந்து காக்கும். ஆனால் மொட்டு முளைத்த ஐந்தாம் வாரத்தை அது திருப்பிக் கொண்டுவராது. ஆகவே பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே கிளினிக்குக்குப் போய் இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். அரசு சுகாதார கிளினிக்குகளில் கர்ப்பத்துக்கு முந்தைய ஆலோசனை இருக்கிறது. நம் பெண்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும், கணவர்களும் கூடவே போக வேண்டும்.

இரத்த அழுத்த மாத்திரைகளும் அப்படித்தான். எனலாப்ரில், பெரிண்டோப்ரில், லோசார்ட்டன் போன்றவை கருவின் சிறுநீரகத்தைத் தாக்கும். பனிக்குட நீரில் பெரும்பகுதி நான்காம் மாதத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீர்தான். சிறுநீரகம் ஓய்ந்தால் அந்த நீர் வற்றும், நுரையீரலும் சரியாக வளராது. தானாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. கருத்தரிக்க நினைக்கும்போதே மருத்துவரிடம் சொன்னால் மெத்தில்டோபா, லபெட்டலோல் என்று மாற்றித் தருவார்.

உணவுக்கும் பங்கு உண்டு. வைட்டமின் ஏ இல்லாத தீவனம் தின்ற எலிகளின் குட்டிகளுக்குச் சிறுநீரகக் குறைகள் வந்ததை வில்சனும் வார்க்கனியும் 1948-லேயே காட்டினார்கள். 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு பெங்களூரிலும் மான்ட்ரியாலிலும் பிறந்த குழந்தைகளை ஒப்பிட்டது. உடலளவைக் கணக்கில் கொண்டு பார்த்தபோதும் பெங்களூர்க் குழந்தைகளின் சிறுநீரகங்கள் சிறியவையாக இருந்தன. அங்கே பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு நடுக்கர்ப்பத்தில் வைட்டமின் ஏ போதவில்லை. முருங்கைக்கீரையும் கேரட்டும் இந்தக் குறையை நிரப்பும். மாத்திரையாக அளவுக்கு மீறி விழுங்கினால் அதே வைட்டமின் கருவைக் கெடுக்கும்.

இனி அந்த ஒற்றைச் சிறுநீரகப் பிள்ளை. ஒன்று இல்லையென்றால் மற்றது கருப்பையிலேயே பெருக்கத் தொடங்கி இரண்டின் வேலையையும் ஏற்கிறது. பெரும்பாலோர் பள்ளிக்குப் போய், பந்து விளையாடி, முழு வாழ்க்கை வாழ்கிறார்கள். ஆண்டுக்கொரு முறை இரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்த்துக்கொள்ள வேண்டும். கைக்குழந்தைக்குச் சளி, இருமல் எதுவும் இல்லாமல் காய்ச்சல் வந்தால் சிறுநீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். தானா ராத்தா மருத்துவமனையிலேயே அதைச் செய்துவிடலாம். தொற்று திரும்பத் திரும்ப வந்தாலோ, ஆண் குழந்தையின் சிறுநீர் சொட்டுச் சொட்டாக விழுந்தாலோ, சிம்பாங் பூலாய் சாலை வழியே ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு இறங்கத் தயங்க வேண்டாம்.