725 ரூபாயை யார் கட்டுகிறார்கள்?

திருப்பரங்குன்றத்தில் ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். 75 வாட் ஃபேன் இரண்டு, நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 108 யூனிட். ஃபிரிட்ஜுக்கு 60. நாலு எல்.இ.டி. பல்பு, டி.வி., மிக்சி எல்லாம் சேர்த்து 32. ஆக மொத்தம் 200 யூனிட். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி ஈ.பி. பில் 235 ரூபாய்: முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100க்கு யூனிட் 2.35. ஒழுங்குமுறை ஆணையம் அப்போது நிர்ணயித்த விலையோ யூனிட்டுக்கு 4.80. அந்தக் கணக்கில் 960 வர வேண்டும். மிச்சம் 725 ரூபாய் அரசின் தலையில்.

இதைக் கண்டால் முகம் சுளிக்கும் ஒரு கிறிஸ்தவச் சிந்தனை மரபு உண்டு. அமெரிக்காவில் 2000-இல் வெளியான கார்ன்வால் பிரகடனமும், அதிலிருந்து வளர்ந்த கார்ன்வால் கூட்டமைப்பும் அதன் இன்றைய குரல். மலிவான எரிசக்தியே ஏழைக்குப் பெரிய உதவி, கார்பன் வரி ஏழை வயிற்றில் அடிக்கும், சந்தையைச் சுதந்திரமாக விடுங்கள் என்பது அவர்கள் வாதம். அரசன் வந்தால் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை எடுப்பான் என்று சாமுவேல் எச்சரித்த அதிகாரம் (1 சாமுவேல் 8) இந்த மரபுக்குப் பிடித்தமானது. 2015-இல் போப் பிரான்சிஸ் எழுதிய ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடல் இதற்கு எதிர்த்திசை.

அரசை நம்பாத அந்த முதல் மரபு நம் பக்கத்துக்கும் புதிதல்ல. திருப்பரங்குன்றம் சாலையில் இருக்கும் பசுமலைக்கு அமெரிக்க மிஷனின் இறையியல் பள்ளி வந்தது 1845-இல். அந்த மிஷனை அனுப்பிய சங்கத்தின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் 1854-55-இல் இந்தியாவுக்கு நேரில் வந்தார். சபை வெளிக்காசை எதிர்பார்க்காமல் தன் காலில் நிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. சந்தைச் சுதந்திரத்துக்காக ராஜாஜி 1959-இல் தொடங்கிய சுதந்திராக் கட்சியின் சார்பில் 1962 முதல் 1968 வரை மாநிலங்களவையில் இருந்தவர் மரியதாஸ் ரத்தினசாமி. கத்தோலிக்கர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். அவர்களை மதிப்பதால்தான் அவர்கள் வாதத்தைப் பில்லோடு வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

கார்பன் வரி நம்மிடம் வேறு பெயரில் இருந்தது. 2010-இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாயாக வந்த செஸ், 2016-இல் 400 ஆனது. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ நிலக்கரி எரிகிறது. ஆக யூனிட்டுக்கு 28 காசு. 200 யூனிட்டும் நிலக்கரியில் வந்ததென்றால் 56 ரூபாய். 2025 செப்டம்பர் 22-இல் அந்த செஸ் போய், நிலக்கரியின் ஜி.எஸ்.டி. 5-இலிருந்து 18 சதவீதமானது. அந்த செஸ் ஏழை வீட்டு பில்லில் ஏறவில்லை, மானியம் தாங்கிக்கொண்டது. அதே வீட்டுக்காரர் பைக்கில் மதுரை பெரியார் பேருந்து நிலையம் போய்வந்தால் கதை வேறு. நாளைக்கு 16 கிலோமீட்டர், மாதம் 25 நாள், ஏறக்குறைய எட்டேகால் லிட்டர் பெட்ரோல். 2021 ஆகஸ்டில் நிர்ணயித்த மாநில வரியில் லிட்டருக்கு 11.52 ரூபாய் நிலையான பங்கு. அது மட்டும் மாதம் சுமார் 95. மேலே 13 சதவீதம் தனி. எரிபொருள் வரி ஏழையைத் தொடாது என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இனி மானியம். அதே 2024 கட்டணத்தில், இரண்டு மாதத்துக்கு:

100 யூனிட் வீடு: கட்டுவது 0, அரசு தருவது 480
200 யூனிட்: 235, அரசு 725
500 யூனிட்: 1,805, அரசு 760
600 யூனிட்: 2,880, அரசு 540
1,000 யூனிட்: 6,870, அரசு 620

ஏ.சி. ஓடும் ஆயிரம் யூனிட் வீட்டுக்கு, ஒற்றை ஃபேன் வீட்டைவிட 140 ரூபாய் அதிக உதவி. வரிப்பணம் தேவையில்லாதவர் கைக்குப் போகிறது என்று அந்த மரபினர் சொல்வது இந்தக் கணக்கில் அப்படியே உண்மை. ஆனால் மானியத்தை எடுத்துவிட்டுச் சந்தையிடம் விட்டால் 100 யூனிட் வீடு 480 கட்ட வேண்டும். அதை நான் ஏற்க மாட்டேன்.

வழி கூரையில் இருக்கிறது. ஒரு கிலோவாட் சோலார் நம் வெயிலில் நாளைக்கு நாலு யூனிட், இரண்டு மாதத்தில் 240 தரும். பிரதமர் சூரிய வீடு திட்டத்தின் மதிப்பீட்டு விலை 50,000. மத்திய மானியம் 30,000. மீதி 20,000-ஐ 200 யூனிட் வீடு போட்டால் பில்லுக்கு 235 வீதம் திரும்பிவர 14 ஆண்டு ஆகும், யாரும் போட மாட்டார்கள். அதே திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்குக் கைக்காசு 67,000. 600 யூனிட் வீட்டுக்கு அது நாலே ஆண்டில் திரும்பிவிடும். அதனால்தான் பலகைகள் வசதியான மாடிகளிலேயே ஏறுகின்றன. அந்த 20,000-ஐ மாநில அரசு போடட்டும். ஒவ்வொரு பில்லுக்கும் தரும் 725 மிச்சமாகி ஐந்து ஆண்டுக்குள் போட்ட பணம் வந்துவிடும். பலகையின் ஆயுள் 25 ஆண்டு.

வரி குறைய வேண்டும் என்பவரும் கரி குறைய வேண்டும் என்பவரும் சேர்ந்து கேட்கக்கூடிய கோரிக்கை இது. 600 யூனிட்டுக்கு மேல் போகும் வீடுகளின் மானியத்தை நிறுத்தி, 200 யூனிட் வீடுகளின் கூரையில் அந்தப் பணத்தைப் போடச் சொல்லிக் கேளுங்கள்.