பலிக்காத ஊசியும் நூலக அலமாரியும்

எதிர்பார்த்த பலன் தராத ஆய்வை மருத்துவ நூலகம் ஏன் கட்டிக் காக்க வேண்டும்? அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியின் ஆய்வைப் பாருங்கள். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரில் சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லாத ஊசி. பிறகு 15 ஆண்டுக் கண்காணிப்பு. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழ் 1999இல் அதை ஒளிவுமறைவின்றி வெளியிட்டது. கசப்பான முடிவுதான். ஆனால் புதிய காசநோய்த் தடுப்பூசி தேடுகிறவர்கள் இன்றும் அதைப் புரட்டாமல் நகர முடியாது.

இணையத்தில் தேடினால் கிடைத்துவிடாதா என்பார்கள். ஆனால் அந்தக் கட்டுரைத் தலைப்பில் இடப்பெயராக இருப்பது ‘தென்னிந்தியா’ மட்டுமே. செங்கல்பட்டு என்று தட்டுகிறவர் அதைத் தவறவிடலாம். நோய், ஊசி, வட்டாரம் என்று பொருள்வாரியாகக் குறித்துவைக்கும் நூலகர்தான் அங்கே கைகொடுக்கிறார். இப்படிப்பட்ட முடிவு பெற்றோரை மிரட்டாதா என்றும் கேட்கலாம். பாதிச் செய்தி மட்டும் கிடைத்தால் மிரட்டும்தான். குழந்தைகளுக்கு வரும் காசநோய் மூளைக்காய்ச்சலை பி.சி.ஜி. பெருமளவு தடுப்பதை வேறு ஆய்வுகள் காட்டியுள்ளன. பிறந்த குழந்தைக்கு இன்றும் அந்த ஊசியைப் போடுவது அதனால்தான்.